கடவுள் உண்டா என்பதல்ல நம் முதல் கேள்வி

தமிழில் மதத்தைக் கேள்வி கேட்ட நூல்களின் வரலாறு எங்கே தொடங்குகிறது? நம் மேடைகளில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 1925, குடி அரசு, பெரியார். அந்த ஆண்டின் முக்கியத்துவத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள் காணாமல் போய்விடும். அந்த நாற்பது ஆண்டுகளில்தான் சேரியிலிருந்து வந்த மனிதர்கள் சொந்தக் காசில் அச்சுக்கூடம் நடத்தி, புராணங்களை வரி வரியாகப் பிரித்துப் போட்டார்கள்.

தருமபுரி மாவட்டத்துத் தோழர்களுக்கு இந்த வரலாறு தூரத்துக் கதையாகத் தோன்றலாம். அப்படியல்ல. இதன் முக்கியமான மையங்களில் ஒன்று கிருஷ்ணகிரியைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த வரலாறு எழுப்பிய கேள்விக்கு 2012இல் நம் மாவட்டமே தீயால் ஒரு பதில் எழுதியது. அதனால்தான் இதை நாம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

1882: இரண்டு தொடக்கங்கள்

1882இல் சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியது சென்னை இலௌகிக சங்கம். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் சங்கத்தின் தாக்கம் பெற்றவர்கள் இவர்கள். 'தி திங்கர்' என்று ஆங்கிலத்திலும் ஓர் இதழ் நடத்தினார்கள். கடவுள் இருப்பதற்கு ஆதாரம் என்ன, வேதம் தெய்வ வாக்கு என்பதற்கு என்ன சான்று, சாதியும் குழந்தை மணமும் எந்த நியாயத்தில் நிற்கின்றன என்று 1888 வரை எழுதினார்கள். பேராசிரியர் வீ. அரசு இந்த இதழ்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் இப்படி ஒரு இயக்கம் இருந்ததே பலருக்குத் தெரிய வந்தது.

அதே 1882இல் இன்னொரு நூல் வந்தது. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் எழுதிய 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி'. இந்த நாயகர் யார் என்பதைக் கவனியுங்கள். 1872இலேயே செங்கல்பட்டுப் பகுதியில் மிராசுதாரர்களுக்கு எதிராக, நிலத்தை இழந்த வன்னிய உழவர்களின் உரிமைக்காக நூல் எழுதியவர். நிலம் பறிபோனதையும் சாத்திரம் சொல்லும் உயர்வு தாழ்வையும் சேர்த்துப் பார்த்த மனிதர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரிக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

இவர்கள் எல்லோருமே துணிச்சலானவர்கள். ஆனால் சேரியில் பிறந்தவனுக்கு ஒரு கேள்வி இதற்கெல்லாம் முன்னால் நிற்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்பது அப்புறம். என்னைத் தாழ்ந்தவன் என்று எழுதி வைத்தது யார்? எந்தப் புத்தகத்தில்? எப்போது? அந்த ஏட்டுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

டவுன் ஹாலில் கிடைத்த பதில்

இந்தக் கேள்வியைத் தமிழில் முறையாக எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். சித்த மருத்துவர், நீலகிரியில் வாழ்ந்தவர், 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியவர்.

1892இல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் போனார். விஷ்ணுவும் சிவனும் எல்லோருக்கும் பொதுவான கடவுள் என்கிறீர்களே, எங்களை ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்குரியவர்கள் அல்லர் என்று ஒரு சாஸ்திரியார் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு, அயோத்திதாசர் அடுத்த கோரிக்கையை வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், தரிசு நிலம் வேண்டும்.

இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கோயில் கதவு மூடப்பட்டதும் அவர் கெஞ்சவில்லை, பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டினார் என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. இரண்டே ஆண்டுகளில், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1898இல் ஆல்காட்டின் துணையுடன் அயோத்திதாசர் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

ஒரு பைசாவுக்கு ஒரு கேள்வி

1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே மாதம் இறக்கும்வரை அவர் அதை நடத்தினார். 'இந்திரர் தேச சரித்திரம்', 'புத்தரது ஆதிவேதம்', 'வேஷ பிராமண வேதாந்த விவரம்' எல்லாம் இந்த எழுத்துப் பணியிலிருந்து வந்தவைதான்.

அவருடைய முறை என்ன? மேல்சாதியார் சொல்லும் கதையை எடுத்துக்கொள்வார். இந்தக் கதையால் யாருக்கு லாபம், யாருக்கு இழிவு என்று கேட்பார். பிறகு அதே கதைக்கு அடியில் வேறொரு வரலாறு இருந்திருக்க வேண்டும் என்று காட்டுவார்.

அரிச்சந்திரன் கதையைப் பாருங்கள். நம் வட மாவட்டங்களில் இன்றும் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அரிச்சந்திரன் கல்லருகே பாடையை இறக்குகிறார்கள். உண்மை பேசிய அரசன் என்று தெருக்கூத்தில் விடிய விடிய ஆடுகிறார்கள். அந்தக் கதையில் அரசனின் உச்சகட்டத் துன்பம் எது? சுடுகாட்டில் வேலை செய்பவனுக்கு அடிமையாவது. அரசன் கொஞ்ச காலம் பட்டதைப் பார்த்து ஊரே அழுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலை சுமத்தப்பட்டவனுக்காக அந்தக் கூத்தில் யாரும் அழுவதில்லை. அயோத்திதாசர் இந்தக் கதையின் பொய்களைப் பட்டியல் போட்டுத் தனி நூலாகவே எழுதினார்.

நந்தன் கதையும் அப்படித்தான். பெரிய புராணத்தில் நந்தன் தீயில் இறங்கினால்தான் தில்லைக்குள் போக முடியும். தீ அவன் பிறப்பைக் கழுவ வேண்டும். அயோத்திதாசர் இதைத் தலைகீழாக்கினார். நந்தன் ஒரு பௌத்த அரசன், வேஷதாரிகளின் சூழ்ச்சியால் அழிக்கப்பட்டவன் என்று எழுதினார். தீபாவளி அசுரனைக் கொன்ற நாளல்ல, எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறை மக்களுக்குத் தெரியவந்த நாள் என்றார். பிறப்பால் தீட்டு என்று சொல்லப்பட்ட மக்கள் உண்மையில் சாதியற்ற பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்த கருத்து. அதனால்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை இந்துக்களாகப் பதிவு செய்யாதீர்கள் என்று அரசுக்கு எழுதினார். புத்தகத்தில் நடந்த சண்டை அவருக்கு அரசாங்கப் பதிவேட்டிலும் நடக்க வேண்டிய சண்டை.

அதே 1907இல் வேதியியல், இயற்பியல் படித்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் பௌத்த சாரத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். அற்புதங்களையும் ஆன்மாவையும் விலக்கிவிட்டு, அறிவுக்கு ஒத்த பௌத்தத்தை அவர் முன்வைத்தார். 1948இல் அந்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். சென்னையில் ஏற்றிய விளக்கு நாக்பூருக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று.

தங்கச் சுரங்கத்தின் காசு

இந்த எழுத்துக்குக் காசு கொடுத்தது யார்? ஜமீன்தாரும் இல்லை, மடமும் இல்லை. பெரும்பகுதி கோலார் தங்கவயல் தொழிலாளர்கள்.

1876 - 78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தருமபுரி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில், 1880களில், ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் பெரிய அளவில் சுரங்கம் தோண்டியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் அங்கே போனார்கள். பண்ணையாரின் களத்திலிருந்து தப்பிப்பதற்குச் சுரங்கத்தின் இருட்டும் ஒரு வழியாக இருந்தது. அங்கே சாவு இருந்தது, நோய் இருந்தது. ஆனால் கையில் கூலி பணமாக வந்தது. வாரக் கூலி வாங்கியவனால் ஒரு பைசா கொடுத்துப் பத்திரிகை வாங்க முடிந்தது. நெல்லாகக் கூலி வாங்கியவனால் முடியவில்லை. பகுத்தறிவின் வரலாற்றில் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளில் பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். பெங்களூர், ஹூப்ளி, ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்த் தொழிலாளர் போன இடமெல்லாம் 'தமிழன்' போனது. அயோத்திதாசர் மறைந்த பின் நின்றுபோன இதழை 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை மறுபதிப்புச் செய்து காப்பாற்றியதும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலைதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது பல்கலைக்கழகங்கள் ஆச்சரியப்பட்டன. சுரங்கத் தொழிலாளியின் வீட்டுப் பெட்டியில் அவை அதுவரை பத்திரமாக இருந்தன.

நம் புத்தகத்தையும் அதே கேள்வியால் படிப்போம்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நாம் செய்வது வழிபாடு ஆகிவிடும். அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழியியலும் வரலாற்றுச் சான்றுகளும் ஏற்காது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. 'தாழ்த்தப்பட்டோர்' வேறு, 'தாழ்ந்தோர்' வேறு என்று அவர் பிரித்தார். பறையர்கள் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றவர், சக்கிலியர், குறவர் போன்றோரைத் தாழ்ந்தோர் பக்கம் வைத்தார். அருந்ததியர் தோழர்கள் இதைக் கோபத்தோடு சுட்டிக்காட்டுவது முழுக்க நியாயம்.

புராணத்தைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியை அவருடைய பக்கத்திலும் வைக்க வேண்டும்: இந்த வரி யாரைக் கீழே தள்ளுகிறது? இந்தக் கேள்விக்கு விலக்குப் பெற்ற புத்தகம் எதுவும் கிடையாது. அதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

எரிக்கப்பட்டவையும் தடுக்கப்பட்டவையும்

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1936இல் லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டல் அவரைப் பேச அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பார்த்துப் பயந்து மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைத் தன் செலவில் அச்சிட்டார். சாதியை அழிக்க வேண்டுமானால் சாத்திரங்களின் புனிதத்தை அழிக்க வேண்டும் என்பது அந்த உரையின் மையம். விரைவிலேயே குடி அரசு அதைத் தமிழில் கொண்டுவந்தது. பகத்சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்க்க, பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார். பிரிட்டிஷ் அரசு இருவரையும் கைது செய்தது.

சுதந்திரம் வந்த பின் நிலைமை மாறியதா? பெரியாரின் இராமாயண ஆய்வை இந்தியில் 'சச்சி ராமாயண்' என்று வெளியிட்டவர் கான்பூர் பகுதியைச் சேர்ந்த லலாய் சிங். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. அவர் நீதிமன்றம் போனார். 1971இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பறிமுதலை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தும் 1976இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு தமிழ் நூலுக்காக வடக்கில் பௌத்தரான ஒரு தனி மனிதர் ஏழு ஆண்டு வழக்கு நடத்தி வென்றிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1987இல் மகாராட்டிர அரசு அம்பேத்கரின் 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலை வெளியிட்டபோது இராமனும் கிருஷ்ணனும் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. தலித் மக்கள் பம்பாயில் பெருந்திரளாகக் கூடி அந்தப் பக்கங்களைக் காப்பாற்றினார்கள். அதில் உள்ள கருத்துகளுக்கு அரசு உடன்படவில்லை என்ற ஒரு குறிப்போடு அந்தப் பகுதி நின்றது. புத்தகத்தின் ஒரு பிற்சேர்க்கைக்காக உழைக்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்றால், அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு வாசிப்பாக இருந்திருக்க முடியாது.

2012 நவம்பர் 7

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி ஒரே மாலையில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் எரிந்தன.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளன் எப்படிப் பிறக்கிறான் என்று சொல்கிறது. சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவனாம். அதாவது, அந்த நூலின் கணக்கில் தீண்டாமையின் மூலமே 'தப்பான' கல்யாணம். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் அஞ்சுவதும் வர்ணக் கலப்புக்குத்தான். பெண் யாரைக் கட்டுகிறாள் என்பதில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்பதை இந்த நூல்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன.

அன்று கையில் தீப்பந்தம் எடுத்தவர்கள் மனுவைப் படித்தவர்களா? படித்திருக்க வாய்ப்பே இல்லை. மனு அவர்களையும் சூத்திரர் என்றுதான் எழுதி வைத்திருக்கிறான். திராவிட இயக்கமும் இடதுசாரி இயக்கமும் பல ஆண்டுகள் வேலை செய்த பகுதி அது. கடவுள் மறுப்புக் கூட்டங்கள் அந்தச் சுற்று வட்டாரத்துக்குப் புதிதல்ல. சாமி இல்லை என்று ஒப்புக்கொள்கிறவனும் தன் வீட்டுப் பெண் காலனிக்குப் போகக் கூடாது என்று நினைக்க முடியும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்த நாள் அது. நாத்திகம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஏட்டில் இருந்த விதி எப்போதோ ஏட்டை விட்டு இறங்கி ஊர்க் கட்டுப்பாடாக, குடும்ப மானமாக, ஓட்டுக் கணக்காக மாறிவிட்டது.

அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரை இங்கேதான் நினைக்க வேண்டும். வன்னிய உழவனின் நிலத்துக்காக எழுதிய அதே பேனாதான் இந்துமத ஆசாரங்களின் ஆபாசத்தையும் எழுதியது. தருமபுரியின் வன்னிய இளைஞர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அவர்கள் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்த தலைவர்கள் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நம் வேலைதான்.

சான்றிதழில் இருக்கும் மதம்

மதம் மனசு சம்பந்தப்பட்டது, படித்துத் தெளிந்தால் விட்டுவிடலாம் என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவர்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14இல் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் ஏற்றார்கள். அவர்களுக்கு அந்த உரிமை கிடைக்க 1990 வரை ஆனது. தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியில் நிற்கிறார்கள். சிந்திக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. அந்தச் சிந்தனையின்படி வாழ்ந்தால் கல்விக் கட்டணச் சலுகையும் வேலையும் போகும் என்று ஆணை சொல்கிறது. பண்டிதர் கணக்கெடுப்பு அதிகாரிகளோடு நடத்திய வாதம் இன்னும் முடியவில்லை.

ஆகவே தோழர்களே, காலனிகளில் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் மூன்று நூல்களோடு தொடங்குங்கள். அயோத்திதாசரின் இந்திரர் தேச சரித்திரம். அம்பேத்கரின் சாதி ஒழிப்பு. பெரியார்தாசன் தமிழாக்கிய புத்தரும் அவர் தம்மமும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் இந்த வரி யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்டு விவாதியுங்கள். பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது, அருந்ததியரைப் பற்றி என்ன சொல்கிறது என்று சேர்த்துக் கேளுங்கள். பதில் நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் குறித்து வையுங்கள். பிறகு அதே கேள்வியோடு ஊர்த் திருவிழா நோட்டீஸையும், கல்யாணப் பத்திரிகையையும், தேர்தல் துண்டறிக்கையையும் எடுத்துப் படியுங்கள். மனுவின் வரிகள் இப்போது அங்கேதான் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.